சொந்தக் காரணங்களுக்காக

கெலவரப்பள்ளி என்றால் செய்தி பார்ப்பவர்களுக்கு நுரைதான் நினைவுக்கு வரும். பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, அணையின் மதகைத் தாண்டி வெள்ளை மலையாகப் பொங்கும். கேமராக்கள் வரும், போகும். அணைக்குப் பக்கத்துக் காலனியில் என் எதிர்வீட்டு அக்காவின் வேலை போனதற்கு எந்தக் கேமராவும் வரவில்லை.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அதற்குள் மூன்று காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். மெஷின் மாறவில்லை, ஷிப்ட் மாறவில்லை. 2025 மே மாதம் அமெரிக்கா உதிரிபாகங்களுக்கு 25 சதவீத வரி போட்டது. சில மாதங்களில், "ஆர்டர் இல்லம்மா, திங்கட்கிழமையில இருந்து வர வேணாம்" என்றார் சூப்பர்வைசர். கணக்கு முடிக்க ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. ட்ரம்ப் தொடங்கி சூப்பர்வைசர் வரை அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை இழப்பவருக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது ஒன்றும் புரட்சிகரமான கோரிக்கை அல்ல. வரி போட்ட அதே அமெரிக்காவில், கென்னடி காலத்தில், 1962-இலேயே அதற்குச் சட்டம் வந்தது. 1974-இல் அதை விரிவாக்கினார்கள். கனடா மரம் மலிவாக வந்திறங்கி ஓரிகனில் மரத்தொழிலாளிகளுக்கு வேலை போனால், மூன்று பேர் சேர்ந்து மனுப் போடலாம். இறக்குமதிதான் காரணம் என்று தொழிலாளர் துறை சான்றளித்தால் பயிற்சியும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும், வேறு ஊரில் வேலை தேடச் செலவும் கிடைக்கும். அமெரிக்காவைப் புகழ இதைச் சொல்லவில்லை. முதல் ஏழு ஆண்டுகள் ஒரு தொழிலாளர் மனுவைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. 2022 ஜூலையோடு புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பதும் நின்றுபோனது. ஆனாலும் உன் வேலை போனதற்குக் காரணம் நீ அல்ல என்று அரசு எழுதித் தந்த ஒரு தாள் அங்கே இருந்தது. அக்காவின் கையில் இருப்பது அதற்கு நேர் எதிரான தாள்.

இங்கே என்ன நடந்தது? 2025 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, ஜவுளியில் மட்டும் 30 லட்சம் வேலைகள் ஆபத்தில் இருக்கின்றன என்றார் முதல்வர் ஸ்டாலின். எண்ணிக்கை தொழிலாளியுடையது. கேட்டதோ வட்டி மானியம், கடன் தவணைக்கு அவகாசம், வரிச் சலுகை. ஒன்றிய அரசு நவம்பரில் 25,060 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்தை அறிவித்தது. அதுவும் ஏற்றுமதியாளருக்குத்தான். முதலாளி பிழைத்தால் தொழிலாளி பிழைப்பார் என்பது கணக்கு. அக்கா வெளியேறிய பிறகும் அந்தக் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இஎஸ்ஐ-யில் ஒன்று உண்டு. 2018-இல் தொடங்கிய அடல் திட்டம்: சராசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாட்கள், வாழ்நாளில் ஒரே முறை. இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் சந்தாவில் ஓட்டை விழும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் ஊதியம் என்கிறது. தானாக விலகியவர் ஆட்குறைப்புக் கணக்கிலேயே வரமாட்டார். அந்த அச்சடித்த வரியின் மதிப்பு இப்போது புரியும்.

"இது வர்க்கப் பிரச்சினை தோழர், இதில் சாதி எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். பம்பாய் மில்களில் தறிப் பகுதிக்குள் தலித்துகளைச் சாதி இந்துத் தொழிலாளர்களே விடவில்லை. நூலை வாயில் வைத்து உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், தீட்டாகிவிடுமாம். கூலி அதிகம் கிடைத்த பகுதி அதுதான். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளியின் எதிரிகள் என்று 1938-இல் மன்மாடில் அம்பேத்கர் பேசியது இந்த அனுபவத்திலிருந்துதான். இன்று நூலை யாரும் உறிஞ்சுவதில்லை. ஆனால் எங்கள் காலனியில் எனக்குத் தெரிந்து நிரந்தரத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. நிரந்தர வேலைக்குச் சொந்தக்காரர் சிபாரிசு வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் காண்ட்ராக்டில் இருக்கிறார்கள். வேலை போனால் ஊர்த்தெரு ஆளுக்குத் திரும்பிப் போக அரை ஏக்கராவது இருக்கும். எங்களுக்கு இருப்பது வாடகை பாக்கி.

ஆகவே சலுகை கேட்கும் கம்பெனியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள் என்கிறேன்: கடந்த ஓராண்டில் உன் கேட்டுக்குள் வந்து வேலை செய்த எல்லோரின் பெயரையும், காண்ட்ராக்ட் உட்பட, கொடு. பட்டியலில் இருந்தவர் இன்று இல்லையென்றால், காரணத்தை நீ எழுதாதே. தொழிலாளர் துறை வந்து விசாரித்து எழுதட்டும். உதவித்தொகை இஎஸ்ஐ எண்ணுக்கு நேராகப் போகட்டும், முதலாளியின் கடிதத்துக்குக் காத்திருக்காமல். யார் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைச் சாதிவாரியாகவும் வெளியிடுங்கள். ஏற்றுமதி எவ்வளவு குறைந்தது என்று டாலரில் எண்ணத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலை அல்ல.

அக்கா இப்போது விடியற்காலை ஐந்தரைக்கு ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறார், தினக்கூலிக்கு. அந்தத் தாளின் நகல் கேட்டு காண்ட்ராக்டருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை அனுப்பியாயிற்று. "கையெழுத்துப் போட்டது நான்தானே தம்பி, குடுப்பாங்களா?" என்று நேற்றும் கேட்டார். மூன்றாவது கடிதத்தைத் தொழிலாளர் துறைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.