"போர்டு போச்சு, அம்மா!"

பழுது வருவது சகஜம். பழுது பார்க்க முடியாததுதான் கொடுமை

"போர்டு போச்சு, அம்மா!"

வாஷிங் மிஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்கிறார். அந்த வீட்டு அம்மாள் முகம் வாடிவிடுகிறது. மிஷினுக்குள் துணி ஊறிக்கொண்டு இருக்கிறது. கதவோ திறக்கமாட்டேன் என்கிறது.

"புது போர்டு போட எவ்வளவு ஆகும்?"

"போடலாம். ஆனால் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மிஷினே வாங்கிவிடலாம், அம்மா!"

இன்று எத்தனையோ வீடுகளில் இந்தப் பதில் கேட்கிறது. மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய மிஷின் அது. தவணை முடிந்த கையோடு மிஷினும் முடிந்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? மறுநாள் காலையில் துணி மூட்டையோடு துவைக்கிற கல்லுக்குப் போக வேண்டியதுதான். அடுக்கு மாடி வீடாக இருந்தால் துவைக்கிற கல்லும் கிடையாது!

யந்திரம் என்றால் பழுது வரத்தான் செய்யும். அதை யாரும் குறை சொல்லவில்லை. வந்த பழுதைச் சரி செய்ய முடிய வேண்டும். இன்று விற்கிற பல சாமான்களில் அதற்கு வழி இல்லை. அதுதான் குறை.

கோவை தந்த வரம்

வீட்டு யந்திரங்களில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மாவு ஆட்டும் கிரைண்டர் கோவையில் பிறந்தது. 1955-ம் ஆண்டில் சபாபதி என்பவர் அதைச் செய்தார். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன பெண்களுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்து இருக்கிறது. 2011-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. குடிசையிலும் கிரைண்டர் ஓடியது.

பழைய கிரைண்டரைப் பாருங்கள். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், கல். அவ்வளவுதான்! பெல்ட் அறுந்தால் கடைத்தெருவில் வாங்கி மாட்டலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக் கொடுக்க ஆள் இருந்தார். கல் தேய்ந்தால் கொத்திக் கொடுக்கவும் ஆள் வந்தார். தாயார் வாங்கிய கிரைண்டரில் மகள் மாவு ஆட்டிய வீடுகள் பல உண்டு.

பழுதில் பிறந்த மிக்ஸி

மிக்ஸியின் கதை இன்னும் சுவையானது.

சத்திய பிரகாஷ் மாத்தூர் என்று ஒரு என்ஜினீயர். அவருடைய மனைவி ஜெர்மனி நாட்டு மிக்சர் ஒன்றை வைத்துச் சமைத்து வந்தார். ஒரு நாள் அது கெட்டுப்போயிற்று. இங்கே பழுது பார்க்க வழி இல்லை. மாத்தூர் யோசித்தார். நம் நாட்டுச் சமையலுக்குத் தாங்கும் மிக்சரைத் தாமே செய்யத் தொடங்கினார். 1963-ம் ஆண்டில் "சுமீத்" மிக்ஸி பிறந்தது. தேங்காயும் மிளகாயும் அரைபடும் வீடுகளில் எல்லாம் அது நுழைந்தது.

பழுது பார்க்க முடியாத ஒரு சாமானால்தான் நமக்கு மிக்ஸியே கிடைத்தது! இத்தனை ஆண்டு கழித்து, அதே தொல்லை வேறு உருவத்தில் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இருக்கிறது.

போர்டு என்றால் என்ன?

போர்டு என்பது சிறு பலகை. அதன்மேல் நுணுக்கமான மின்சாதனங்களைப் பற்றவைத்து இருக்கிறார்கள். எப்போது தண்ணீர் விடுவது, எப்போது சுற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதை எல்லாம் மிஷினுக்குச் சொல்வது இதுதான். வாஷிங் மிஷினில் இருக்கிறது. பிரிட்ஜில் இருக்கிறது. இப்போது மின்விசிறியிலும் வந்துவிட்டது.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. மின்சாரம் குறைவாகச் செலவாகிறது. சத்தமும் குறைவு. ஆனால் மின்சாரம் திடீரென்று ஏறி இறங்கினால் முதலில் அடிபடுவது இந்தப் போர்டுதான். ஈரம் ஆகாது. எறும்பு புகுந்தால் ஆகாது. ஒரு பல்லி உள்ளே போய்ச் செத்தாலும் மிஷின் நின்றுவிடும். பல்லிக்கும் எறும்புக்கும் பஞ்சம் இல்லாத ஊர் நம் ஊர்!

போர்டில் கெட்டது ஒரு சின்ன சாதனமாகத்தான் இருக்கும். விஷயம் தெரிந்தவர் அதை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் சில போர்டுகளின்மேல் பிசின் மாதிரி ஒன்றை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரம் படாமல் இருக்க அப்படிச் செய்வதாகக் கம்பெனி சொல்கிறது. அதுவும் நியாயம்தான். ஆனால் மெக்கானிக் கை வைக்க முடியாமல் போவதும் அதனால்தான். சில மிஷின்களில் துணி சுற்றும் தொட்டியைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே பேரிங் போனால் தொட்டியையே மாற்ற வேண்டும். இதற்கு என்ன நியாயம் சொல்வார்கள்?

வேண்டுமென்றே செய்கிறார்களா?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பல்பு விஷயத்தில் அப்படி நடந்தது உண்மை. 1924-ம் ஆண்டில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்தன. அதைவிட நீண்ட நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாக உழைத்ததற்கு அபராதம் போட்ட கதை இது.

இன்றைய கம்பெனிகள் எல்லாம் அப்படி என்று சொல்லிவிட முடியாது. விலை குறைவாக வேண்டும் என்று மக்களும் கேட்கிறார்கள். ஆனால் உதிரி பாகம் கிடைக்காமல் போவதற்கு மக்கள் காரணம் அல்ல.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 2021-ம் ஆண்டு முதல், ஒரு வாஷிங் மிஷின் மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 10 ஆண்டு வரை அதன் உதிரி பாகங்களைக் கொடுக்க வேண்டும். பிரிட்ஜுக்கு 7 ஆண்டு. நம் மத்திய அரசு 2022-ம் ஆண்டில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் தங்கள் விவரங்களை அதில் தரலாம். நல்ல காரியம். ஆனால் "தரலாம்" என்பது வேறு, "தர வேண்டும்" என்பது வேறு. ஐரோப்பாவில் இருப்பதுபோல் ஆண்டுக் கணக்கைக் குறித்து இங்கேயும் சட்டம் செய்ய வேண்டும்.

கடையில் கேளுங்கள்

வீட்டிலும் சில தவறுகள் நடக்கின்றன. மிக்ஸி ஜாரில் வாய் வரை சாமானைத் திணித்து ஓட்டுகிறார்கள். மிக்ஸி நின்றால் உடனே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. பாரம் தாங்காவிட்டால் அது தானே மிக்ஸியை நிறுத்திவிடும். சூடு ஆறிய பிறகு அமுக்கினால் ஓடும். இது தெரியாமல் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எத்தனை பேர்!

புதுச் சாமான் வாங்கும்போது நிறத்தையும் தள்ளுபடியையும் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். "இதன் போர்டு என்ன விலை? காரண்டி போர்டுக்கும் உண்டா, மோட்டாருக்கு மட்டும்தானா? இந்த ஊரில் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். "மோட்டாருக்கு 10 ஆண்டு காரண்டி" என்று பெரிய எழுத்தில் போட்டு இருப்பார்கள். போர்டுக்கு எத்தனை ஆண்டு என்பது சிறிய எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துப் போனால் நல்லது.

காரண்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தகராறு எழுந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ரசீது முக்கியம். இப்போது கடைகளில் கொடுக்கும் வழவழப்பான ரசீதில் எழுத்து நாளடைவில் வெளுத்து மறைந்துவிடுகிறது. வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து, காரண்டி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.