நாலே நாலு தீக்குச்சி

ஆற்றங்கரையில் நின்று கற்பூரம் ஏற்றியிருக்கிறீர்களா, சகோதரிகளே? வீட்டுப் பூஜை அறையில் ஒரே உரசலில் முடிந்துவிடும் காரியம்தான். ஆனால் காற்று வீசும் ஆற்று மணலில் ஏற்றிப் பாருங்கள். தீக்குச்சியின் அருமை அப்போதுதான் தெரியும்!

சென்ற மாதம் இருக்கன்குடிக்குப் போயிருந்தேன். சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். இரண்டு ஆறுகளையும் இரண்டு கங்கைகளாகப் பாவித்து 'இரு கங்கைக் குடி' என்றார்கள், அதுவே இருக்கன்குடி ஆயிற்று என்று சொல்வார்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று அங்கே எள் போட்டால் எள் விழாது. கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் ஒரு சாதாரண புதன்கிழமை போனோம். நாங்கள் என்றால், நானும், என் மதினியும், அவர் மகளும்.

அண்ணன் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அடுத்த வாரம் பரீட்சை. அதனால் கோயிலுக்கு வரும்போதும் கையில் பாடப் புத்தகம். எச். ஜி. வெல்ஸ் 1895-ல் வெளியிட்ட 'தி டைம் மெஷின்', அதாவது கால யந்திரம்.

கற்பூரம் ஏற்றும் பொறுப்பை அவளிடம் விட்டோம். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது பற்றவே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அத்தை! நாலே நாலு குச்சிதான் பாக்கி. கதையிலேயும் அந்த ஆளுக்கு நாலே நாலு குச்சிதான் மிஞ்சும்!" என்று சிரித்தாள்.

"எந்த ஆளுக்குடி?" என்றார் மதினி.

அவ்வளவுதான். மணலில் உட்கார்ந்து மகள் கதை சொல்ல ஆரம்பித்தாள். நீங்களும் கேளுங்கள்.

லண்டனுக்கு அருகே ரிச்மண்டில் ஒரு விஞ்ஞானி. அவருக்குக் கதையில் பெயரே கிடையாது. 'காலப் பிரயாணி' என்றுதான் குறிப்பிடுகிறார் ஆசிரியர். நாம் ரயிலில் ஊர் விட்டு ஊர் போவதுபோல, வருஷம் விட்டு வருஷம் போக அவர் ஒரு யந்திரம் செய்கிறார். ஏறி உட்கார்ந்து விசையைத் தள்ளினால், எட்டு லட்சத்து இரண்டாயிரத்து எழுநூற்றோராம் ஆண்டில் போய் இறங்குகிறார்!

"நம்ம ரேவதி கதை மாதிரி இருக்கே!" என்றார் மதினி. உண்மைதான். மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி மன்னன், சற்று நேரம் காத்திருந்து திரும்பினால், பூமியில் யுகங்கள் பல கடந்திருந்தன. மனிதர்கள் உருவத்தில் சிறுத்துப் போயிருந்தார்கள் என்று விஷ்ணு புராணம் சொல்கிறது. பலராமர் தம் கலப்பையால் அழுத்தி ரேவதியின் உயரத்தைக் குறைத்து மணந்துகொண்டாராம்.

வெல்ஸின் எதிர்காலத்திலும் மனிதர்கள் சிறுத்துத்தான் போயிருக்கிறார்கள். நான்கு அடி உயரம், பூப்போன்ற முகம். எலோய் என்று பெயர். பழம் தின்பார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள். வேலை என்று ஒன்றும் கிடையாது. நெருப்பு என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. பிரயாணி தீக்குச்சியை உரசிக் காட்டினால் கைகொட்டி மகிழ்கிறார்கள். அவரும் உற்சாகத்தில் பாதிப் பெட்டியை வேடிக்கை காட்டியே தீர்த்துவிடுகிறார்! அப்புறம்தான் தெரிகிறது, பூமிக்கு அடியில், இருட்டில், யந்திரங்களோடு இன்னொரு கூட்டம் வாழ்கிறது என்று. அவர்களுக்கு மார்லாக் என்று பெயர். வெளுத்த உடம்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசும். மேலே இருப்பவர்களுக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுப்பவர்கள் அவர்கள்தான். அமாவாசை இருட்டில் மேலே வந்து எலோய்களைப் பிடித்துத் தின்பவர்களும் அவர்கள்தான். அந்தச் சமயத்தில்தான் பிரயாணியிடம் நாலே நாலு குச்சி!

"ஐயோ!" என்றார் மதினி. பிறகு சற்று யோசித்து, "அந்தக் கீழே இருக்கிறவுக எப்படி அங்கே போனாக?" என்று கேட்டார்.

சகோதரிகளே, இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யந்திரம் எப்படி ஓடுகிறது என்பதல்ல. பிரயாணியின் ஊகம் இது: ஒரு காலத்தில் முதலாளிகள் மேலே தோட்டங்களோடு இருந்துகொண்டு, தொழிலாளிகளையும் தொழிற்சாலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்கு அடியில் தள்ளினார்கள். லட்சக்கணக்கான வருஷங்களில் ஒரே ஜாதி மனிதர் இரண்டு இனங்களாகப் பிரிந்துபோனார்கள்.

இது வெறும் கற்பனை அல்ல. வெல்ஸின் தாயார் 1880 முதல் 1893 வரை சஸ்ஸெக்ஸில் அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகம் பார்த்தவர். அங்கே வேலைக்காரர்களுக்கு இடம் கீழ்த்தளத்தில். அடுக்களைக்கும் மாளிகைக்கும் நடமாட நிலத்துக்கு அடியில் சுரங்க வழிகள். மேலே விருந்து நடக்கும். அதைச் சமைத்தவர்கள் கீழே நடப்பார்கள். சிறுவன் வெல்ஸ் அதைப் பார்த்தவர்.

இதை நான் விளக்கியதும் அண்ணன் மகள், "பரீட்சைக்கு அதெல்லாம் வராது அத்தை. எலோய்கள் அப்பாவிகள், மார்லாக்குகள் அரக்கர்கள். வேறுபடுத்தி எழுதினால் பத்து மார்க்" என்றாள்.

மதினி மணலைக் கிளறிக்கொண்டே, "நானும் அப்படி அரக்கியா இருந்தவதான்" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒன்பது வயசிருக்கும். கோழி கூப்பிடுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு வந்திரும். தூங்குற பிள்ளையைத் தூக்கித்தான் ஏத்தி விடுவாக. திரும்பி வரும்போதும் இருட்டு. ஞாயித்துக்கிழமைதான் எங்க தெருவையே வெளிச்சத்துல பாக்கிறது."

அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்று பெயர். மதினி அங்கே 'கட்டை அடுக்கி'யிருக்கிறார். பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்து அடுக்க வேண்டும். நிறைந்த கட்டையை மெழுகிலும் பிறகு மருந்திலும் தோய்ப்பார்கள். அடுக்கிய கட்டைக்குத்தான் கூலி.

"ஏம்மா, இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டதில்லையே."

மகள் வாய் திறக்கவில்லை. நானும்தான். இத்தனை வருஷம் மதினி சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கும் தெரியாது.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. ஆனால் அதைச் செய்த சின்ன விரல்களின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டாமா? 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், அபாயத் தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

லண்டன் மட்டும் என்ன வாழ்ந்தது? 1888-ல் அங்கே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும் கொடுமை அந்தத் தொழிலில் இருந்தது. அவர்களுக்காக எழுதிப் போராடியவர் யார் தெரியுமோ? பிற்பாடு நம் அடையாறில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான்! வெல்ஸ் தம் கால யந்திரக் கற்பனையை முதன் முதலில் ஒரு சிறு கதையாக எழுதியதும் அதே 1888-ல்தான்.

கதைக்கு வருவோம். பாழடைந்த ஒரு பொருட்காட்சி சாலையில் பிரயாணிக்கு ஒரு தீப்பெட்டி கிடைக்கிறது, ஆனந்தத்தில் கூத்தாடுகிறார். இன்னொன்றும் கிடைக்கிறது. என்ன தெரியுமா? கற்பூரம்! ஆனால் அன்றிரவே அவர் மூட்டிய நெருப்பு காட்டில் பரவுகிறது. அவரிடம் அன்பு வைத்து, அவர் சட்டைப் பையில் பூச்செருகிய வீனா என்ற சின்னப் பெண் அந்த இரவில் காணாமல் போகிறாள். கடைசியில் மார்லாக்குகள் சூழ்ந்துகொள்ளும்போது பையில் குச்சிகள் இருக்கின்றன, பெட்டி இல்லை! பெட்டியில் உரசினால் மட்டுமே பற்றும் ரகம். நம் சாத்தூர், சிவகாசிப் பெட்டிகளும் அதே ரகம்தான். குச்சியில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால்தான் வெளிச்சம்.

எப்படியோ தப்பித்துத் திரும்புகிறார். மறுநாளே மீண்டும் பிரயாணம் புறப்பட்டவர், திரும்பி வரவே இல்லை. வீனா கொடுத்த இரண்டு வாடிய வெள்ளைப் பூக்கள் மட்டும், கதை சொல்லும் நண்பரிடம் மிஞ்சுகின்றன.

"பாவம்" என்றார் மதினி. "மேல இருந்ததும் பாவம்தான், கீழ இருந்ததும் பாவம்தான்." பிறகு மகள் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். காற்றுக்கு முதுகு காட்டி, உள்ளங்கையைக் கூடாக்கி, ஒரே உரசல். கற்பூரம் குப்பென்று பற்றியது!

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் மகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். 'அரக்கர்கள்' என்ற வார்த்தையை அடித்திருந்தாள். அதன் கீழே, 'இவர்களைக் கீழே அனுப்பியது யார்?' என்று எழுதியிருந்தாள். பத்து மார்க் கிடைக்குமோ என்னவோ! சாத்தூரில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சில் பாதியை அம்மாவுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டு, "நீ எத்தனை கட்டை அடுக்குவே ஒரு நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் புத்தகத்தைப் படிக்கலாம். படித்தால், எட்டு லட்சம் வருஷம் முன்னால் போய்விட்டு வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுக்களையில் நிற்கும் அம்மாவிடமும் பாட்டியிடமும், "உனக்கு ஒன்பது வயசில் பொழுது எப்படி விடிந்தது?" என்று ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.