குட்டி யானையில் ஏறும் பைக்குகள்

மரக்காணத்தில் இரும்புக்கு ஆயுசு குறைவு. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், பம்புசெட் கொட்டகையின் கதவு, எதுவாக இருந்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் நாம். இந்த ஊர் பைக்கைப் பந்தய டிராக்குக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தால், பயப்பட வேண்டிய முதல் சங்கதி வளைவு இல்லை, துரு.

போகப்போவது இருங்காட்டுக்கோட்டைக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் டிராக்; 1990-ல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 12 வளைவுகள். அதற்கு முன்பு இந்தக் கிளப் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்த கதையை என் மாமா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிகளின் வேகம் பத்து கிலோமீட்டர் கூடும்.

'டிராக் டே' என்றால் பந்தயம் என்று நினைத்துவிடக் கூடாது. கோப்பை கிடையாது, மேடை கிடையாது. பணம் கட்டினால் சொந்த வண்டியைப் பூட்டிய டிராக்கில் ஓட்டலாம். புதுசு, பழகினவர், தேர்ந்தவர் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் பதினைந்து இருபது நிமிடம் உள்ளே விடுவார்கள். எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது, ஓரத்தில் கொடியோடு ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் நிற்கும். அவ்வளவுதான்.

நாங்கள் நாலு பேர். ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி, திண்டிவனத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் வாத்தியார், உப்பு லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர், நான். யோசனையைக் கிளப்பியவர் தம்பி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுந்து நொறுங்கிய பைக் ஒன்று அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ரோட்டுல எதுக்குண்ணே இந்த வேல? துட்டக் கட்டி டிராக்குல ஓட்டிட்டுப் போயிடலாமே" என்றார். வாத்தியாருக்கு உடனே பிடித்துவிட்டது. புரோக்கர் மட்டும், "விழுந்தா யாரு காசு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பிறகு வருகிறேன்.

தயாரிப்பு என்றதும் நான் நினைத்தது கைப்பிடி முறுக்கும் வித்தையை. நடந்தது முழுக்க ஸ்பேனர் வேலை. தம்பி முதலில் கை வைத்தது பிரேக் ஆயிலில். இந்த ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் குழாய் வழியாக, மூடியின் இடுக்கு வழியாக, காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்ச் சேரும். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூடி வைத்த டப்பாவில் அப்பளம் நமத்துப்போகும் ஊர். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை. சந்தைக்குப் போய்வரும் வண்டியில் இது தெரியவே தெரியாது. டிராக்கில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முழு வேகத்திலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும்; அடுத்த சுற்றிலும், அதற்கடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே அழுத்தம். டிஸ்க் கொதிக்கும், காலிப்பர் கொதிக்கும், கடைசியில் ஆயிலும் கொதிக்கும். கொதித்தால் உள்ளே ஆவி. ஆவியை நசுக்க முடியும், ஆயிலை நசுக்க முடியாது. பிரேக் வேலை செய்வதன் சூட்சுமமே அதுதான். ஆவி புகுந்துவிட்டால் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

புரோக்கரின் பைக்கிலிருந்து இறங்கிய ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத வெச்சிக்கிட்டா நான் பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கினு பாண்டிச்சேரி போயிட்டு வந்தேன்?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் அடுத்த நட்டுக்குப் போய்விட்டார்.

செயினைக் கழுவி, எண்ணெய் விட்டு, தொய்வு சரிபார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு இன்னும் ஒன்றிரண்டு உண்டு. முன் ஃபோர்க் குழாயில் துருப் புள்ளி விழுந்தால் அது மேலும் கீழும் போகும்போது ஆயில் சீலைக் கிழிக்கும். ஒழுகும் ஆயில் நேரே முன் டிஸ்க்கில் சொட்டும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள், பலர் அதைப் படித்ததே இல்லை. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். காற்றின் அளவையும் டிராக்கில் மாற்ற வேண்டும்: டயர் சூடாக ஆக உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால், வண்டிக் கையேட்டைப் பார்த்து, தெரிந்தவரைக் கேட்டு, குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைத்தே அடிப்பார்கள். உள்ளே போய் வந்ததும் சூட்டோடு சூடாக மறுபடி அளந்து பார்ப்பார்கள்.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலண்டை இறக்கிவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றச் சொல்வதும் உண்டு. விழுந்து உடைந்தால் கூலண்ட் டிராக்கில் பரவி வழுக்கும், துடைத்தாலும் லேசில் போகாது. பின்னால் வருபவன் அதில் போய்விடுவான். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேலெல்லாம் டேப் ஒட்ட வேண்டும், உடைந்தால் சில்லு சிதறக் கூடாது என்று. பக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றதும் புரோக்கர் தகராறு செய்தார். லாரி உலகத்தில் கண்ணாடி இல்லாத வண்டிக்கு மரியாதை இல்லை. வாத்தியார்தான் விளக்கினார்: டிராக்கில் பின்னால் வருகிறவன்தான் பொறுப்பு, முந்துவது அவன் பாடு, உன் வேலை முன்னால் பார்ப்பது, திடீரென்று குறுக்கே இழுக்காமல் ஒரே கோட்டில் போவது. முன்னால் போகிறவன் எதை வேண்டுமானாலும் செய்வான் என்று எதிர்பார்த்துப் பழகிய நமக்கு இது வேறு உலகம்.

இனி அந்தக் கேள்வி. விழுந்தால் யார் காசு? நம் காசுதான். மோட்டார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பந்தயம், வேகச் சோதனை போன்ற உபயோகத்துக்கு இந்தப் பாலிசி செல்லாது. டிராக் டே பந்தயமா, பயிற்சியா என்று கோர்ட்டில் போய் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. உள்ளே போகுமுன் 'என் பொறுப்பில் ஓட்டுகிறேன்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். இதைப் பத்திரத்தை விரித்து வைத்து எங்களுக்குப் படித்துக் காட்டியவரே புரோக்கர்தான். படித்துவிட்டு, நாங்கள் எதிர்பாராத விதமாக, "சரி, நானும் வர்றேன். விழாம ஓட்டுவோம்" என்றார். அவர் குரலில் இருந்த கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. நஷ்டம் தன்னுடையது என்று தெரிந்தவன் ஓட்டுகிற விதமே வேறு.

உடுப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் செல்லாது. முழுமுகத் தலைக்கவசம், மணிக்கட்டைத் தாண்டி மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முதுகுக் காப்பு, லெதர் சூட். சூட் விலையைக் கேட்டால் ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும், முதல் தடவைக்கு அதுவே புத்திசாலித்தனம். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடு. வியர்த்து உடம்பு காய்ந்தால் கண் மங்கும், கை தாமதிக்கும். இதற்கு வைத்தியம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே இறங்கி, வெயில் ஏறுமுன் முடிந்ததை முடிப்பார்கள். தலையில் துணி, தூக்கில் கூழோ மோரோ. நாங்களும் உப்புப் போட்ட மோரை நிறைய எடுத்துக்கொள்வதாக முடிவு. கம்பெனி எனர்ஜி டிரிங்க் வேண்டும் என்று சொன்ன வாத்தியார் ஓட்டெடுப்பில் தோற்றார்.

ஓட்டும் முறையைப் பற்றி, போகாத நான் அதிகம் பேசக் கூடாது. கொடிகளை மட்டும் பாடம் பண்ணியிருக்கிறோம்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, திரும்பு, மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். மீதிக்குப் படிப்பு இருக்கிறது. அமெரிக்கரான கீத் கோட் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இருங்காட்டுக்கோட்டையிலும் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. அவர் சொல்லிக்கொடுப்பதில் பாதி, பயத்தில் உடம்பு தானாகச் செய்யும் காரியங்களைப் பற்றியது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மூடுவோம். எடை முன்னால் விழுந்து, வண்டி வளையாமல் வெளியே ஓடும். கைப்பிடியை இறுக்குவோம், வண்டி திரும்ப மறுக்கும். எதில் மோதக் கூடாது என்று நினைக்கிறோமோ அதையே உற்றுப் பார்ப்போம்; நேரே அங்கேயே போவோம். சைக்கிள் பழக்கும்போது 'குழியப் பாக்காதடா, தூரமாப் பாரு' என்று என் அப்பா கத்தியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஆபத்தில்லையா? உண்டு. 2023-ல் மட்டும் இதே இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் மூத்த கார் பந்தய வீரர் ஒருவரும், ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவனும் பந்தயங்களில் இறந்தார்கள். பூட்டிய டிராக்கிலும் சாவு வரும். 13 வயதுப் பிள்ளையைப் பந்தயத்தில் இறக்குவது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர். இவர்களில் எவரையும் வண்டி எடுக்குமுன் நிறுத்தி, பிரேக் ஆயில் எந்த நிறம், டயர் எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடம் ஓட்டுவதற்கு டிராக்கில் கேட்கிறார்கள்.

சாலையில் வேகப்போட்டி நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். 2023-ல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் சாகசம் காட்டி விழுந்த யூடியூபருக்கு ஓட்டுநர் உரிமத்தையே பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தார்கள். இத்தனை தண்டனை இருந்தும் எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கை முறுக்கிப் போகும் பிள்ளைகளின் சத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. வேகம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஓசூர் டிவிஎஸ் 1982-லிருந்து பந்தய அணி வைத்திருக்கும் மாநிலம் இது; இருங்காட்டுக்கோட்டை ஒன்று, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ஒன்று என டிராக்குகள் உள்ள மாநிலம். இங்கே இருக்கிறவன், வேகத்துக்கு வேறு இடமில்லை என்று சொல்ல முடியாது. கட்டணம் அதிகம் என்பது நியாயமான குறை. மாணவர்களுக்குச் சலுகை விலையில் மாதம் ஒரு நாள் திறந்துவிட்டால் போலீஸ் வேலையில் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

எங்கள் வண்டிகள் தயார். கண்ணாடி இல்லாமல், லைட்டில் டேப் ஒட்டி, அவற்றைச் சாலையில் ஓட்டிப்போக முடியாது என்பதால் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இரண்டு பேசியாகிவிட்டது. வாரநாளில் உப்பு மூட்டை ஏற்றுகிறவை. தளத்தைக் கழுவித் தரச் சொல்லியிருக்கிறோம், இல்லையென்றால் இத்தனை நாள் துடைத்த துருவெல்லாம் திண்டிவனம் தாண்டுவதற்குள் திரும்பிவிடும். அங்கிருந்து செங்கல்பட்டு, சிங்கபெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர்.

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் காலை டிபனுக்கு வண்டி எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மரக்காணத்தில் சாலை நேராக, காலியாக, இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்தியோடு அழகாக இருக்கும், முறுக்கத் தோன்றும். நீங்கள் வந்து சேரும் அந்த வெளிச்சம் வராத நேரத்தில்தான் உப்பளத்துப் பெண்கள் கூடையோடு சாலையைக் கடக்கிறார்கள், உப்பு லாரி ஒழுகிய ஈரமும் தரையில் கிடக்கிறது. ஊர் எல்லை தாண்டும்வரை நாற்பதில் போங்கள்.