கம்முனு இரு என்று சட்டம் சொல்லவில்லை

பொறியியல் இரண்டாம் ஆண்டு. தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு சாயங்காலம் அப்பாவும் நானும் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். எதிர்ப்பக்கம் ஒருவன் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, விறகுக் கட்டையால் அடிக்க ஆரம்பித்தான். நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்போம். நான் ஓரடி எடுத்து வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கம்முனு இரு. நீ கைய வெச்சா உன் மேலதான் கேஸ் ஆவும். படிக்கிற பையன்."

வறுகடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து போனார். கையில் கடலை அளக்கிற இரும்புப் படி. அவன் கட்டையை மறுபடி ஓங்கியபோது மணிக்கட்டில் ஒரே ஒரு போடு. கட்டை கீழே விழுந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டையைத் தூரத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த அம்மா தன் கூடைக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வீரம் வந்தது. அதுவரை வேடிக்கை பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஓடிப்போய், உட்கார்ந்திருந்தவனை மிதித்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். முதுகில் இரண்டு அடி போட்டேன். இந்த முறை அப்பா என்னைத் தடுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அடித்தால் கேஸ் ஆகாது என்பது ஊரறிந்த சட்டம்.

புத்தகத்தில் இருக்கும் சட்டத்தை நான் படித்தது பல வருடம் கழித்து. படித்தபோது கூசிப்போனேன். அந்த அம்மா செய்தது குற்றமே அல்ல. குற்றம் செய்தவன் நான்.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 96-லிருந்து 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை. எண்தான் மாறியிருக்கிறது, சாரம் மாறவில்லை. பழைய 97-ஆம் பிரிவு சொல்வது இது: தன் உடலை மட்டுமல்ல, வேறு எவருடைய உடலையும் தாக்குதலிலிருந்து காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 'வேறு எவருடைய' என்றால் எவருடையதும்தான். உறவு வேண்டாம், ஊர் வேண்டாம், பேர்கூடத் தெரிய வேண்டாம். "நீ அவளுக்கு என்ன வேணும்?" என்று அடிக்கிறவன் கேட்பான். சட்டம் கேட்காது.

எந்த அளவுக்கு? உயிர் போகும், கொடுங்காயம் படும் என்று நியாயமாக அஞ்சும் நிலை, வன்புணர்வு, ஆள்கடத்தல், 2013-ல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு போன்ற சில தாக்குதல்களைத் தடுக்கும்போது, தாக்குகிறவன் உயிரே போனாலும் குற்றமில்லை. மற்ற தாக்குதல்களில் உயிரைப் பறிக்காத அளவுக்குத் தடுக்கலாம். கட்டுப்பாடுகளும் உண்டு. தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது. காவல்துறையின் உதவியைத் தேட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. முக்கியமானது, ஆபத்து தொடங்கும்போது பிறக்கும் உரிமை, ஆபத்து முடிந்ததும் செத்துவிடுகிறது.

இப்போது பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள். கட்டை ஓங்கியிருந்த நேரத்தில் அங்கே நின்ற ஐம்பது பேருக்கும் உரிமை இருந்தது. பயன்படுத்தியவர் ஒருவர். கட்டை விழுந்து அவன் உட்கார்ந்த நொடியில் அந்த உரிமை தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு பதினைந்து பேர் அடித்தது சட்டவிரோதக் கூட்டம், காயம் விளைவித்த குற்றம். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு நிபந்தனை தலைகீழாக விழுந்துவிட்டால் எல்லாமே நேர்மாறாக ஓடும். நம் ஊரில் அந்த நிபந்தனைதான் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. அடி என்று சட்டம் அனுமதிக்கும்போது நிற்கிறோம். நில் என்று சொல்லும்போது அடிக்கிறோம்.

இது என் ஒருவன் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். சின்னசேலம் பக்கத்தில் கனியாமூர், எங்கள் மாவட்டம்தான். 2022 ஜூலை 13 அன்று தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி இறந்தார். ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. மேசை நாற்காலிகளைத் தூக்கிப் போனார்கள். வேறு பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. அந்தக் குடும்பத்தின் துக்கத்தையும் கேள்விகளையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தப் பேருந்துகளை எரித்ததால் எந்தப் பெண்பிள்ளை காப்பாற்றப்பட்டாள்?

அதற்கு நான்கு வருடம் முன்பு, 2018 மே 9. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த காலம். கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்துப்போனார். கேட்டால் "எங்க பிள்ளைங்கள காப்பாத்தத்தான்" என்பார்கள். நம்பிச் செய்தேன் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணமே ஆகாது என்று அது வரையறுத்து வைத்திருக்கிறது. ஓர் ஐந்து நிமிடம் விசாரித்திருந்தால் போதும்.

மறுபக்கம் 2016 ஜூன் 24, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். என்னைப் போல மென்பொருள் வேலை பார்த்த ஒரு பெண் காலையில் பிளாட்பாரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். நொடிகளில் முடிந்த தாக்குதல் அது. அரிவாளுக்கு முன்னால் ஏன் பாயவில்லை என்று யாரையும் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதன்பின் இரண்டு மணி நேரம் உடல் அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் இருந்தது அரிவாள் பயமல்ல. "கேஸ் ஆவும்" என்ற பயம்.

அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லவில்லை. கோளாறின் மற்ற பாதி அங்கேதான் இருக்கிறது. சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை நிரூபிக்கும் சுமையைக் காப்பாற்றியவர் தலையில் வைக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவு அவர் பக்கம் சாய்ந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதைச் சொல்ல நீதிமன்றம்வரை போக வேண்டுமே. பஞ்சாபில் தன் அப்பாவை ஆயுதத்தால் தாக்கியவரைத் துப்பாக்கியால் சுட்ட தர்ஷன் சிங்கை விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, கடைசியில் 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆபத்து வரும்போது குடிமகன் கோழையாக நடந்துகொள்ள வேண்டியதில்லை, அந்தப் பதற்றத்தில் விழுந்த அடியைத் தங்கத் தராசில் நிறுக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அருமையான தீர்ப்பு. அதுவரை அந்த மனிதர் அலைந்த அலைச்சலை எந்தத் தராசில் நிறுப்பது?

காவல் நிலையத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் பதில், "அதெல்லாம் கோர்ட்ல சொல்லிக்கோ." இரண்டு பக்கமும் புகார் வாங்கி இரண்டு பக்கமும் வழக்குப் போடுவது நடுநிலை இல்லை, சோம்பேறித்தனம். அடித்தவனும் தடுத்தவனும் ஒரே வரிசையில் நிற்கும்போது தோற்பது யாரென்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சட்டம் 'ஒவ்வொருவருக்கும்' என்கிறது. ஊர் "எந்தத் தெரு?" என்று கேட்கிறது. காலனிப் பையன் ஊர்த்தெருக்காரனின் கையைப் பிடித்துத் தடுத்தால் அது தற்காப்புரிமையாகப் பதிவாகுமா, சாதி மோதலாகப் பதிவாகுமா?

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2012-ல் மதுரையில் ஒரு பெண், தன் மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். விசாரித்த காவல்துறையே 100-ஆம் பிரிவைக் காட்டி அவரை விடுவித்தது. அப்போது மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தவர் அஸ்ரா கார்க். அன்று புதுச் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. இருந்த சட்டத்தை விசாரணை மட்டத்திலேயே ஓர் அதிகாரி படித்தார், அவ்வளவுதான். அது இன்றும் செய்தியாக நினைவிருக்கிறது என்பதுதான் வெட்கம். தினசரி நடைமுறையாக இருந்திருக்க வேண்டியது அது.

"இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஆளாளுக்குக் கட்டை தூக்குவான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டை தூக்குகிறவன் ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் இருக்கிறான், எந்தப் பிரிவையும் படிக்காமல். படித்தால் அவனுக்குத்தான் நஷ்டம். "போலீஸ் இருக்கும்போது நமக்கென்ன?" என்கிறார்கள். அவகாசம் இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. அண்ணா சாலைக்கும் கல்வராயன் மலையின் உள்கிராமத்துக்கும் அதற்கு ஒரே பதில் இருக்க முடியாது.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினாலும் கேஸ் ஆகும் என்றுதான் ஒரு காலத்தில் எல்லாரும் விலகிப் போனோம். 2016-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்தது. உதவியவரை அலைக்கழிக்கக்கூடாது என்பது இன்று சட்டம். ரத்தம் வழிந்த பிறகு தூக்குகிறவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ரத்தம் வழியாமல் தடுக்கிறவருக்கு ஏன் இல்லை? பிறரைக் காக்கப் பலம் பயன்படுத்தியதாக ஒருவர் சொன்னால், கைதுக்கு முன்பே அதை விசாரித்து எழுத்தில் பதிவு செய்யக் காவல்துறையைக் கட்டாயப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் குடிமையியலில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், எப்போது தடுக்கலாம் என்பதற்கும் எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கும் சேர்த்து.

அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. மகன் பட்டம் வாங்க வேண்டும் என்று நினைத்த மனிதர். சட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் ஒரே ஒரு வரி சரியாகச் சொல்லித் தரவில்லை. நானும் பட்டம் வாங்கினேன். நான்கு வருடப் படிப்பில் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கடலைக்கார அம்மாவுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஓங்கிய கையில் மட்டும் ஒரே அடி அடித்து, கட்டை விழுந்ததும் நிறுத்தி, திரும்பிப் போய் உட்கார்ந்து, நின்ற வியாபாரத்தைத் தொடர்ந்தார். நாங்கள் அடித்து முடித்துத் திரும்பும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்: "அடிக்கச் சொல்லோ எங்க போயிருந்த?"

இன்றுவரை என்னிடம் பதிலில்லை.