குளத்துக்கு வெளிமீன் எதுக்கு?

எங்க மயிலாடிப் பக்கம் குளத்துலயும் வயல் வாய்க்கால்லயும் தண்ணி மேல்மட்டத்துல, உச்சந்தலையில வெள்ளைப் பொட்டோட ஒரு சின்ன மீன் நிக்கும். மலையாளத்துல மானத்துக்கண்ணி, அறிவியல்ல அப்ளோகைலஸ். வாய் மேல்பக்கமா இருக்கதால கொசுப்புழு அதுக்கு லேசா கிடைக்கிற இரை.

இது இருக்கும்போதே, கொசுவை ஒழிக்கன்னு 1928-ல் கம்பூசியாங்கிற அமெரிக்க மீனை இந்தியாவுக்குக் கொண்டாந்தாங்க. அது கொசுப்புழுவோட நிக்கல. நம்ம மீனோட முட்டை, குஞ்சு, தவளையோட தலைப்பிரட்டை எல்லாத்தையும் தின்னும். குட்டி போடுற மீன், சீக்கிரம் பெருகிரும்.

டெங்கு கொசு வளருறது குளத்துல இல்ல. உங்க வீட்டுத் தொட்டியில, பழைய டயர்ல. அதைக் கவுத்துங்க. குளத்துல மருந்துத்தண்ணி இறங்காம, மீன் முட்டையிட கரையோரச் செடியை விட்டுவச்சாப் போதும். கம்பூசியா விட யாராவது வந்தா, ஏற்கெனவே அங்க என்ன மீன் இருக்குன்னு முதல்ல கேளுங்க.