தடித்த ஒயர் காப்பாற்றாது

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஹெடர் (எக்ஸாஸ்டுக்கான குழாய்த் தொகுதி) மாட்டிய எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒயர் கருகுகிறதா? 7 மில்லிமீட்டர் ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு 8.5 போடு, அதுவும் கருகினால் 10 போடு, மேலே ஒரு கண்ணாடியிழை உறையையும் மாட்டு, கவலை விட்டது என்கிறார்கள். இது தவறான வைத்தியம். காசுதான் வீண் என்றால் விட்டுவிடலாம். பல வண்டிகளில் கோளாறைப் பெரிதாக்குவதே இதுதான் என்பதால் எதிர்த்துச் சொல்லியாக வேண்டும்.

செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1955 மாடல் கார்களில் 265 கன அங்குலக் கொள்ளளவோடு வந்த எஞ்சின் அது. பிளக்குகள் எக்ஸாஸ்ட் துளைகளை ஒட்டியே அமைந்திருக்கும். இதனால் வரும் தொல்லை அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு வந்த பல வண்டிகளில் அவர்கள் ஒயர்களை எஞ்சினின் பின்பக்கமாக இறக்கி, மேனிஃபோல்டுக்கு அடியில் கொண்டுபோய், கீழிருந்து பிளக்குக்கு ஏற்றினார்கள். பிளக்குகளை ஒட்டிச் சிறு தகரக் கவசங்களையும் திருகிவைத்தார்கள். ஒயரோ சாதாரண 7 மி.மீ. ரப்பர் ஒயர், சிலிக்கான்கூடக் கிடையாது. போகும் வழி சரியாக இருந்ததால் அது தாக்குப்பிடித்தது.

ஹெடர் மாட்டும்போது அந்த ஏற்பாடு முழுவதும் கழற்றப்படுகிறது. கனமான வார்ப்பிரும்பின் இடத்தில் 1.2 அல்லது 1.6 மி.மீ. தகட்டுக் குழாய்கள் வந்து பிளக்குகளை வளைத்துக்கொண்டு இறங்குகின்றன. எஞ்சின் பாரம் இழுக்கும்போது அந்தக் குழாயின் மேற்பரப்பு 400, 500 டிகிரி செல்சியஸை எளிதாகத் தொடும். நல்ல சிலிக்கான் ரப்பர் தொடர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 200 டிகிரி. இப்போது கணக்குப் போடுங்கள். 7 மி.மீ. ஒயரை 10 ஆக்கினால் ஒவ்வொரு பக்கமும் கூடுவது ஒன்றரை மில்லிமீட்டர். கூடுவதும் அதே சிலிக்கான்தான். தாங்கும் சூடு ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. கருகுவதற்கு இன்னும் கொஞ்சம் ரப்பர் கிடைக்கிறது, அவ்வளவே.

அதே ஒயரைக் குழாயிலிருந்து 25 மி.மீ. தள்ளிவையுங்கள். தொட்டுக்கொண்டிருப்பதால் நேரடியாக ஏறும் சூடு உடனே நின்றுவிடும். சுமார் 41 மி.மீ. விட்டமுள்ள வழக்கமான ஹெடர் குழாயிலிருந்து அத்தனை தூரம் விலகினால், ஒயர்மேல் விழும் வெப்பக் கதிர்வீச்சும் பாதிக்குக் கீழே போய்விடும். நடுவே பளபளப்பான ஒரு தகட்டை, இரண்டு பக்கமும் காற்று ஓடும்படி நிறுத்தினால் இன்னும் வெகுவாகக் குறையும். கழற்றிக் குப்பையில் போட்ட அந்தத் தகரக் கவசம் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

தடித்த ஒயரால் வரும் கேடு வேறு இருக்கிறது. அது விறைப்பானது, நெருக்கமான வளைவுகளில் மடங்காது. 7 மி.மீ.க்கென்று செய்த கம்பெனி கிளிப்புகளில் நுழையாது. கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் டையால் இழுத்துக் கட்டுகிறார்கள். ஹெடர் சூட்டில் அந்த டை இளகி அறுந்துவிடும். ஒயர் சரிந்து குழாயின் மேலேயே படுக்கும். பிறகு வண்டி மிஸ்ஸடிக்கும், புல்லிங் இருக்காது. பழி சூட்டின்மேல் விழும், அடுத்த செட் ஒயர் வாங்கப்படும்.

"ஜெனரல் மோட்டார்ஸே 8 மி.மீ. ஒயருக்கு மாறியதே" என்று கேட்பார்கள். மாறியது உண்மை. 1975 மாடல்களில் எச்.இ.ஐ. என்னும் மின்னணுப் பற்றவைப்பு பரவலாக வந்தபோது 8 மி.மீ. சிலிக்கான் ஒயரும் வந்தது. காரணம், அந்தப் பற்றவைப்பின் காயிலில் உண்டாகும் கூடுதல் மின்னழுத்தம். அது கசியாமல் இருக்கத் தடித்த காப்புறை தேவைப்பட்டது. ஹெடரைத் தொட்டுக்கொண்டு கிடப்பதற்காக யாரும் அதைத் தடிக்கச் செய்யவில்லை.

உண்மையில் முதலில் சாவது ஒயரும் அல்ல. பிளக்கின் தலையைக் கவ்வியிருக்கும் ரப்பர் பூட்தான் குழாய்க்கு மிக அருகில் இருக்கிறது. அது வெந்து, இறுகி, மயிரிழை விரிசல் விட்டால் போதும். பொறி பிளக்குக்குள் போகாமல் பக்கத்துக் குழாய்க்குத் தாவிவிடும். இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் நீலமாகத் தாவுவது கண்ணுக்கே தெரியும். ஒயர் எத்தனை தடியாக இருந்தாலும் பூட் அதே ரப்பர்தானே? நெருக்கமான இடத்தில் பீங்கான் பூட் போடுங்கள். சிலிக்கான் கருகி அழியும் சூட்டிலும் அது அசையாது. 90, 45 டிகிரி கோணங்களில் பூட்டுகள் கிடைக்கின்றன, ஹெடருக்கென்றே குட்டையான பிளக்குகளும் உண்டு. செலவழிப்பதென்றால் இவற்றில் செலவழிக்கலாம்.

கண்ணாடியிழை உறையை ஒரேயடியாக வேண்டாமென்று சொல்லவில்லை. விலகி நிற்கும் பூட்டுக்கு அது நல்ல துணை. ஆனால் அது சூட்டைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கக் கரித்துணி போதும். அதே துணியோடு அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. நெடுஞ்சாலையில் ஓடிவந்து நிறுத்திய வண்டியில் காற்றோட்டமும் நின்றுபோவதால் பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹெடரையே பட்டையால் சுற்றிவிடுவது இதைவிட மோசம். பட்டைக்குள் ஈரமும் சூடும் தங்கி மெல்லிய இரும்புக் குழாயை அரித்துவிடும். அப்படிச் சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் ஹெடர் தயாரிப்பாளர்கள் உண்டு. சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைக்க வேண்டுமென்றால் செராமிக் பூச்சுதான் முறையான வழி.

இந்த வாதத்தில் யாரும் தொடாத ஒன்று, குழாய் ஏன் அவ்வளவு சுடுகிறது என்பது. பந்தய எஞ்சின்களைப் பார்த்து எஞ்சினின் வேக்குவத்தைக் கொண்டு பொறியை முன்கூட்டித் தரும் வேக்குவம் அட்வான்ஸின் ரப்பர் குழாயைப் பிடுங்கி அடைத்துவிடுகிற பழக்கம் தெருவில் ஓடும் கார்களிலும் புகுந்துவிட்டது. பந்தய எஞ்சின் பெரும்பாலும் முழு த்ராட்டிலில் ஓடுவது. அங்கே வேக்குவமே இல்லை. தெருவில் மிதமாக ஓடும் எஞ்சினுக்குப் பொறி முன்கூட்டியே கிடைத்தாக வேண்டும். பொறி தாமதித்தால் எரிதல் பிந்தும், எக்ஸாஸ்ட் வழியே போகும் வாயு கூடுதல் சூட்டோடு வெளியேறும். டைமிங்கைச் சரிசெய்யாமல் ஒயருக்கு உறை தேடுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பதாகும்.

ஆகவே புது ஒயர் வாங்கும் முன் வேக்குவம் குழாயை மாட்டி டைமிங்கைப் பாருங்கள். கவசங்கள் கிடைத்தால் தேடி வாங்கிப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஒயரையும் குழாயிலிருந்து 25 மி.மீ. விலக்கி, உலோகக் கிளிப்பில் நிறுத்துங்கள். அப்படிச் செய்யும்போது 5, 7 எண் சிலிண்டர்களின் ஒயர்களை ஒட்டி இணையாகக் கட்டிவிடாதீர்கள். இந்த எஞ்சினின் 1-8-4-3-6-5-7-2 வரிசையில் அவை அடுத்தடுத்து வெடிப்பவை, ஒன்றின் மின்சாரம் மற்றதில் பொறியைத் தூண்டிவிடும். இத்தனையும் முடித்த பிறகு 7 அல்லது 8 மி.மீ. தரமான சிலிக்கான் ஒயரே போதும்.