நடுமுதுகு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: போடலாமா, வேண்டாமா?

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருகிறவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. மாத்திரையும் பிசியோதெரபியும் கைகொடுக்காதபோது, அடுத்து காதில் விழுவது 'முதுகுத்தண்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி'. வலி நடுமுதுகில் என்றால், தலையாட்டும் முன் சில எண்களைப் பார்த்துவிடுங்கள்.

ஊசி போட்டா வலி போயிடுமா?

தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் குறுகலான இடைவெளிக்கு எபிடியூரல் என்று பெயர். அங்கே செலுத்தும் ஸ்டீராய்டு, நரம்பைச் சுற்றிய அழற்சியைக் குறைக்கும். டிஸ்க்கைச் சரிசெய்யாது.

2020இல் வெளியான காக்ரேன் ஆய்வு, 2,470 பேர் பங்கேற்ற 25 பரிசோதனைகளை அலசியது. மருந்தில்லாத ஊசியோடு ஒப்பிட்டால், ஸ்டீராய்டால் கிடைத்த கூடுதல் நிவாரணம் 100க்கு சராசரியாக 5 புள்ளிதான். அதுவும் குறுகிய காலத்துக்கு. முக்கியமாக, அது கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி பற்றிய ஆய்வு. நடுமுதுகுக்கென்று நடந்த பரிசோதனைகள் மிகக் குறைவு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுத்தண்டு வலிக்கு இந்த ஊசி வேண்டாம் என்று 2025இல் பிஎம்ஜே இதழின் வழிகாட்டுதல் அழுத்தமாகச் சொன்னது. வலி மருத்துவர்களின் சில அமைப்புகள் அதை ஏற்கவில்லை. விதவிதமான வலிகளை ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது தவறு என்பது அவர்கள் வாதம்.

நடுமுதுகு ஏன் வேற கதை?

தண்டுவடம் கீழ்முதுகின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு இழைகள். நடுமுதுகில் ஊசிமுனைக்குப் பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கிறது, நுரையீரலும் தூரமில்லை. தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனி பெரும்பாலானோருக்கு நடுமுதுகின் கீழ்ப்பகுதியில்தான் நுழைகிறது. துகள்கள் கொண்ட ஸ்டீராய்டு தமனிக்குள் போனால் அடைப்பு ஏற்படலாம். பார்வையிழப்பு, ஸ்ட்ரோக், கை கால் செயலிழப்பு, மரணம் ஆகியவை அரிதாக நேரலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2014இல் எச்சரித்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கல்

உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்க்குப் பிடித்த இடங்களில் ஒன்று நடுமுதுகு. கிருமி இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு போட்டால் வலி தணிந்ததுபோலத் தோன்றும். நோயோ உள்ளே வளரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி இருந்தால் ஊசிப் பேச்சுக்கு முன் அதற்கான பரிசோதனை வேண்டும். கால் பலவீனமாகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

• என் வலிக்குக் காரணம் நரம்பு அழுத்தமா, தசையா, தொற்றா? எம்ஆர்ஐ அதை உறுதிசெய்கிறதா?
• எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே போடுவீர்களா? துகள் இல்லாத ஸ்டீராய்டா?
• எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஊசிக்குப் பின் சில நாட்கள் அது ஏறினால் என்ன செய்வது?
• பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? இன்னொரு ஊசியா?

காரணம் தெரிந்து, வேறு வழிகளைப் பார்த்த பிறகு ஊசி போடுவது சிகிச்சை. காரணமே தெரியாமல் போடுவது, வலியை மட்டும் கொஞ்ச நாள் வாயடைத்து வைப்பது.